பெரிய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் நிலையம் அமைப்பது எப்படி?

வாணிகத்துக்கு முதல் எவ்வளவு அவசியமோ, கடிதப் போக்குவரத்தும் அவ்வளவு அவசியம் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விலை கேட்பதும், சரக்குக்கு உத்தரவு கொடுப்பதும், பணம் அனுப்பியதைத் தெரிவிப்பதும் இன்று மின்னஞ்சல் வழியாகவே நடைபெறுகின்றன. ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைக்கு, மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் சேவையே போதும். பல ஊர்களில் கிளைகளும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் உள்ள நிறுவனம் சொந்த அஞ்சல் நிலையம் அமைக்க முற்பட்டால், இயந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன்பு, “இதில் ஒரு பகுதி பழுதாகும் நாளில் என்ன செய்வோம்?” என்று கேட்க வேண்டும். அக்கேள்வியை முன்வைத்து ஐந்து விஷயங்களைக் காண்போம்.

1. கணக்கு

2,000 ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 60 கடிதங்கள் வந்து போனால் மொத்தம் 120,000. கடிதம் ஒன்றுக்கு 100 கிலோபைட் என்றால் நாளுக்கு 12 கிகாபைட். 250 வேலை நாட்களுக்கு 3,000 கிகாபைட். இவற்றில் ஐந்தில் ஒரு பங்கு காலை ஒரு மணி நேரத்தில் குவிந்தால், நிமிடத்துக்கு 400 கடிதங்கள். சர்வர் தாங்க வேண்டியது அந்த நெருக்கடி நேரத்தையே, சராசரியை அல்ல. இணைத்தனுப்பும் கோப்புகள் வழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2016 நவம்பர் 14-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் நடந்தது நல்ல படிப்பினை. தவறாக அமைந்த ஒரு விநியோகப் பட்டியலுக்கு அனுப்பப்பட்ட சோதனைக் கடிதம் ஒன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை நோக்கிப் புறப்பட்டது. பெற்றவர்களில் பலர், “என்னை நீக்குங்கள்” என்று அனைவருக்குமே பதில் எழுதினர். 100 பேர் அப்படி எழுதினால் 8 கோடிப் பிரதிகள்! அமைப்பு திணறியதில் வியப்பில்லை. ஆகவே, பெரிய பட்டியலுக்கு எழுதும் உரிமையைக் குறிப்பிட்ட சிலருக்கே வழங்க வேண்டும்.

2. வழி

வெளியிலிருந்து வரும் கடிதத்தை ஏற்றுச் சோதிக்கும் வாயில் சர்வர் வேறு. அதைச் சேமித்து வைக்கும் கிட்டங்கி வேறு. வாயில்கள் குறைந்தது இரண்டு, வெவ்வேறு இடங்களில் இருத்தல் நலம். ஒன்று மூடினால் மற்றொன்று ஏற்கும். இரண்டும் மூடினாலும் கடிதம் உடனே தொலைந்துவிடாது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்து, வழக்கமாக நான்கைந்து நாட்கள் மீண்டும் மீண்டும் முயலும்.

3. காப்பு

மூன்று சர்வர்களில் பிரதி இருந்தாலும் அது காப்பு ஆகாது. ஒன்றில் அழிந்தது மற்றவற்றிலும் அழிந்துவிடக்கூடும். 2011 பிப்ரவரியில் கூகுளின் ஜிமெயிலில் மென்பொருள் பிழை ஒன்றால் 0.02 சதவீதப் பயனர்களின் கடிதங்கள் மறைந்தன. பல நிலையங்களில் பிரதிகள் இருந்தும் பிழை அவற்றையும் தாக்கியது. இணைப்பின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்துதான் கடிதங்கள் மீட்கப்பட்டன. நாமும் ஒரு பிரதியைப் பிரித்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும்.

4. முத்திரை

வணிகருக்கு மிகவும் முக்கியமானது இதுவே. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறையில், அனுப்புநர் இன்னார்தாம் என்று மெய்ப்பிக்கும் ஏற்பாடு இல்லை. எவரும் எவர் பெயரையும் உறையில் எழுதலாம். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புக” என்னும் போலிக் கடிதங்கள் பல இந்த ஓட்டை வழியாகவே வருகின்றன. நம்பிப் பணம் கட்டியவர் சரக்கையும் இழப்பார், முதலையும் இழப்பார்.

இதற்கு மூன்று தடுப்புகள் உள்ளன. நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களைப் பட்டியலிடுவது எஸ்.பி.எஃப். கடிதத்தின் மீது மின்கையொப்பம் இடுவது டிகிம். இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்கு அறிவிப்பது டிமார்க். டிமார்க்கை முதல் நாளிலேயே “நிராகரி” என்று வைத்தால் நம் சொந்த விலைச்சீட்டுகளே திரும்பிவிடக்கூடும். முதலில் கண்காணிப்பு, பிறகு ஒதுக்கிவைத்தல், அதன் பிறகு நிராகரிப்பு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரிடம் கூகுள் இம்மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது.

எனினும், ஓர் எழுத்து மட்டும் மாறிய போலிப் பெயரையோ, கடவுச்சொல் திருடப்பட்ட உண்மைக் கணக்கையோ இவை தடுக்கமாட்டா. ஊழியர் அனைவருக்கும் இரட்டைச் சோதனை நுழைவு வேண்டும். கணக்கு எண் மாற்றம் எதுவாயினும், நம்மிடம் முன்பே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்த பிறகே பணம் செல்ல வேண்டும்.

5. இடமாற்றம்

பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே இரவில் தாவ வேண்டாம். முதலில் கணினிப் பிரிவினர், பிறகு ஒரு கிளை, பிறகு மற்றவர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் அறவே கூடாது. திரும்பிச் செல்லும் வழியை எழுதி வைத்திருப்பதும் அவசியம்.

ஆகவே அன்பர்களே, இவ்வைந்தையும் தாளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் குறித்துவிட்டு, அதன் பின்னரே இயந்திரத்துக்கு விலை கேட்போமாக.