ஹேண்டிகேப் 54: மதுரையிலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோல்ஃப் மட்டையைத் தூக்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 1895-இல் தொடங்கியது, 18 ஹோல். வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் சுமார் 120 கிலோமீட்டர். அங்கே போய் எழுபது சொச்சம் அடியில் முடிக்க வேண்டிய ஆட்டத்தை 130 அடியில் முடித்துவிட்டு, "உங்க ஹேண்டிகேப் என்ன சார்?" என்று யாராவது கேட்டால் கூனிக் குறுக வேண்டியதில்லை. இந்தக் குறிப்புகள் அவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டியவர்களுக்கும்.

1. ஹேண்டிகேப் என்பது உங்களுக்குத் தரப்படும் சலுகை அடிகள். மொத்த அடியிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் நிகர ஸ்கோர். இதன் உச்ச வரம்பு 54.0. ஒரு ஹோலுக்கு மூன்று அடி வீதம் பதினெட்டு ஹோலுக்கு 54. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்புதான். 2020 முதல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையின் விதி இது. இந்தியன் கோல்ஃப் யூனியனும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது.

2. "எங்க காலத்துல இவ்வளவெல்லாம் கிடையாது" என்று பழைய உறுப்பினர்கள் சொன்னால் அது உண்மைதான். பிரிட்டனில் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 என்று வெகுகாலம் இருந்தது. அமெரிக்காவில் 36.4, 40.4. அதற்கு மேல் அடிப்பவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது, எந்தப் போட்டியிலும் கடைசி இடம்தான். வரம்பை உயர்த்தியதால் ஆட்டத்தின் தரம் கெட்டுவிட்டது என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. கெட்டது தரமல்ல, சிலருடைய பொறுமை.

3. முதல் எண்ணை வாங்க மொத்தம் 54 ஹோல் ஆடிய கணக்கு வேண்டும். அதாவது மூன்று முழு ஆட்டம். ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடினாலும் செல்லும். தனியாக ஆடியது கணக்கில் வராது, கூட ஒருவராவது இருக்க வேண்டும். ஆகவே கொடைக்கானலுக்கு மச்சினரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைத்துப் போகும்போது, அவரும் ஆட வந்தவர்தானா, போட் ஹவுஸ் பார்க்க வந்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

4. மூன்று ஸ்கோரும் வந்ததும் கணக்கு இப்படி. கார்டில் உள்ள மொத்த அடியிலிருந்து மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை, அதாவது கைதேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடியை, கழியுங்கள். அதை 113-ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பதன் அளவு) வகுங்கள். மூன்றில் மிகக் குறைவாக வந்ததை எடுத்து அதில் 2 கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு, ரேட்டிங் 70, ஸ்லோப் 120 உள்ள மைதானத்தில் உங்கள் சிறந்த ஆட்டம் 128 அடி என்றால், 58 பெருக்கல் 113, வகுத்தல் 120, விடை 54.6. இரண்டைக் கழித்தால் 52.6. அதுதான் உங்கள் முதல் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். கழித்த பிறகும் 60 வந்தால்? 54 என்றுதான் எழுதுவார்கள். இருபது ஸ்கோர் சேர்ந்த பிறகு, கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரியை எடுப்பார்கள்.

5. எண் வாங்கும் முன், எந்த ஹோலிலும் பாருக்கு (அந்த ஹோலை முடிக்க விதித்த அடி எண்ணிக்கை) மேல் ஐந்து அடிக்கு மிகாமல்தான் கார்டில் கணக்கு. பார் 4 ஹோலில் எத்தனை அடித்தாலும் 9. எண் வாங்கிய பிறகு பார், அதோடு இரண்டு, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குள்ள சலுகை அடி. இதை வீட்டிலேயே கார்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணை எட்டியதும், வெறும் ஹேண்டிகேப்புக்காக ஆடுகிற நாளில், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். பின்னால் காத்திருப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். போட்டி நாளில் மட்டும், பந்தை எடுக்கலாமா என்று விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்ட்ரோக் ஆட்டத்தில் பந்தைக் குழியில் போடாமல் எடுத்தால் தகுதி இழப்பு.

6. இண்டெக்ஸ் 54 என்பதால் மைதானத்திலும் 54 அடிதான் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியல்ல. ரேட்டிங்கும் பாரும் சமமாக இருக்கும் மைதானம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஸ்லோப் 125 என்றால், 54 உள்ளவருக்கு அங்கே 60 அடி கிடைக்கும். ஸ்லோப் 100 மட்டுமே என்றால் 48. வரம்பு இண்டெக்ஸுக்குத்தான், மைதானத்தில் கிடைக்கும் அடிக்கு அல்ல. சரி, அந்த 60-ஐ எப்படிப் பங்கு போடுவது? ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று, அதற்கு மேல் மிஞ்சும் ஆறு அடியும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 6 வரை உள்ள கடினமான ஹோல்களுக்கு ஆளுக்கொன்று. ஸ்லோப் எண் ஸ்கோர் கார்டிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

7. இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மற்றவற்றை மறந்தாலும் பரவாயில்லை. உலக முறை 54 வரை அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாப் போட்டியும் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டி நடத்தும் குழு தன் விருப்பப்படி அதற்குக் கீழே ஒரு வரம்பை வைக்கலாம். அந்த வரம்பு இரண்டு வகை. ஒன்று, அந்த எண்ணுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பதிவே கிடையாது. மற்றொன்று, ஆடலாம், ஆனால் அந்த எண்ணுக்கு உரிய அடிதான் தருவோம் என்பது. வரம்பு 24 என்று வைத்த போட்டியில் 40 உள்ளவர் இரண்டாம் வகையில் ஆடினால், முதல் டீயில் நிற்கும்போதே பதினாறு அடி பின்தங்கியிருக்கிறார். தெரிந்தே போனால் தவறில்லை, சிலருக்கு நாலு பேரோடு ஆடுவதே போதும். தெரியாமல் போய், பரிசளிப்பு நேரத்தில் சண்டை போடுவதுதான் வேண்டாம். விடியற்காலை காரை எடுத்து நாலு மணி நேரம் ஓட்டுவதற்கு முன், ஒரே ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: வரம்பு என்ன? அதற்கு மேல் உள்ளவரைச் சேர்ப்பீர்களா? முழு ஹேண்டிகேப்பா, 95 சதவீதமா? தனிநபர் ஸ்ட்ரோக் ஆட்டத்துக்கு 95 சதவீதம்தான் பரிந்துரை. 60 அடி உள்ளவருக்கு அது 57 ஆகிவிடும்.

8. அதிக ஹேண்டிகேப் உள்ளவர்கள் போட்டியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் ஸ்டேபிள்ஃபோர்டையே தேர்ந்தெடுங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் வகுத்த முறை. 1932-இல் வாலஸி கிளப்பில் நடந்த போட்டிக்குப் பிறகு பரவியது. நிகர பாருக்கு 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, இரண்டு கூடினால் பூஜ்யம், அவ்வளவுதான். ஒரு ஹோல் சொதப்பினால் அந்த ஹோலோடு போயிற்று. மொத்தம் 36 புள்ளி எடுத்தால் உங்கள் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடியிருக்கிறீர்கள்.

9. முழங்கால் வலி, வெயில், கல்யாண சீசன் என்று ஆட்டம் கெடும்போது எண் ஏறும். ஆனால் கண்டபடி ஏறாது. இருபது ஸ்கோர் சேர்ந்தவருக்கு, கடந்த ஓராண்டில் தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3 வரை தடையில்லை. அதற்கு மேல் ஏறுவது பாதியாகக் குறையும். 5-க்கு மேல் ஏறவே ஏறாது. குறைந்த எண் 40 என்றால், கணக்குப்படி 44 வந்தாலும் 43.5-தான். என்ன ஆனாலும் 45-ஐத் தாண்டாது. பரிசுக்காக எண்ணை ஊதிப் பெரிதாக்குகிறவர்களைத் தடுக்கத்தான் இந்தக் கடிவாளம்.

10. ஸ்கோர் கார்டுகளைப் பால் கணக்கு நோட்டு மாதிரி ஒரே இடத்தில் மாட்டி வையுங்கள். தேதி, மைதானம், எந்த டீயிலிருந்து ஆடினீர்கள், கூட ஆடியவர் யார். நன்றாக ஆடியதை மட்டும் எழுதி, மோசமானதைக் கிழித்துப்போட்டால் உங்கள் எண் பொய்யாகக் குறையும், பிறகு போட்டியில் அழுவீர்கள்.

11. எண்ணைக் குறைக்க விலை உயர்ந்த டிரைவர் வாங்குவதில் பயனில்லை. அதிக ஹேண்டிகேப்காரரின் அடிகளில் கணிசமானவை கிரீனிலும் அதைச் சுற்றியும் வீணாகின்றன. கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, ஆறடி தூரத்திலிருந்து பட்டரால் உருட்டுங்கள். மதியத் தூக்க நேரத்தில் டம்ளருக்குப் பதில் துணிப்பந்து. மொட்டை மாடியில் நிஜப் பந்தை அடிக்கவே கூடாது. மதுரைத் தெருக்களில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும்.

12. பங்குனி, சித்திரையில் வறண்ட கண்மாயில் போய்ப் பழகுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர் யாரும் எதிர்த் திசையில் இல்லை என்று பார்த்துவிட்டு அடியுங்கள். வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையில் அயர்ன் மட்டையை ஓங்கி இறக்கினால் மணிக்கட்டு பிசகும். பழைய மிதியடி ஒன்றைப் போட்டு அதன் மேல் பந்தை வையுங்கள்.

13. வியர்வையில் ஊறிய கையுறையை வெயிலில் காயப்போட்டால் அப்பளமாக விறைத்துவிடும். நிழலில் விரித்து உலர்த்துங்கள். மட்டையின் ரப்பர் பிடியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் வழுக்கல் போகும்.

14. கொடைக்கானலுக்குக் காரில் போக இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறை, முந்தின நாளே எடுத்துவிடுங்கள். அங்கே மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வது சாதாரணம். உங்கள் பந்துக்குப் பக்கத்தில் ஒன்று நின்றால் வீரம் காட்ட வேண்டாம். ஆபத்தான விலங்கு என்ற விதிப்படி, அபராத அடி இல்லாமல், ஹோலுக்கு நெருங்காத பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். நின்ற பந்தை மாடு உதைத்துத் தள்ளியிருந்தால் பழைய இடத்திலேயே வைத்து ஆடுங்கள், அதற்கும் அபராதம் இல்லை. 54 வாங்கியவர் இந்த இரண்டு விதியையும் மட்டைப் பை தூக்கிவரும் கேடியிடம் கேட்காமலே தெரிந்து வைத்திருப்பது நல்லது.