ஒன்றல்ல, இரண்டு டிஸ்க் வாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறேன், எந்தக் கம்பெனி நல்லது, ஒரே வரியில் சொல்லுங்கள் என்று ஃபோனில் கேட்டாய். ஒரு வரியில் அடங்குகிற விஷயமில்லை. கல்யாண ஆல்பம் போடும் தொழிலில் இருக்கிறவளுக்கு நாளெல்லாம் கையில் புரளுவது இந்த டிஸ்க்குகள்தான். ஒரு குடும்பத்தின் கல்யாணமே அதற்குள் இருக்கிறது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. உன் டிஸ்க்கில் ஏறப் போவதோ அண்ணன் உட்கார்ந்து ஸ்கேன் செய்த பழைய படங்களும், அம்மாவின் குரலில் இருக்கிற தாலாட்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீ 4 டிபி ஒன்று வாங்க நினைத்திருக்கிறாய். வேண்டாம். 2 டிபியில் இரண்டு வாங்கு. சேர்த்துப் பார்த்தால் விலை கொஞ்சம் கூடும், கூடட்டும். நம்பகமான டிஸ்க் எது என்று தேடித் தேடி ஒன்றே ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் அதிலேயே போட்டு வைக்கிறவர்கள்தான் கடைசியில் அழுதுகொண்டு வருகிறார்கள்.

கம்பெனி விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இன்றைக்கு உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011-இல் சீகேட் வாங்கிவிட்டது. ஹிட்டாச்சியினுடையது 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. வேறு பெயர் போட்ட பெட்டி எதைப் பிரித்தாலும் உள்ளே சுழல்வது இந்த மூன்றில் ஒன்றுதான். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. மொத்தத்தில் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு போகிறது. கம்பெனிக்குக் கம்பெனி இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் இருக்கிற வித்தியாசம் பல சமயம் பெரிதாக இருக்கிறது. அவையும் குளிரூட்டிய அறையில் ஆடாமல் அசையாமல் நிற்கிற டிஸ்க்குகள். நம்முடையது பையில் போகிறது, பஸ்ஸில் குலுங்குகிறது, மேஜை விளிம்பில் தொங்குகிறது.

அளவைச் சொல்கிறேன். 2.5 இன்ச் சின்ன டிஸ்க்குக்குத் தனிக் கரண்ட் வேண்டாம், யூஎஸ்பி கேபிளே போதும். 3.5 இன்ச் பெரியதற்கு அடாப்டர் வேண்டும். வீட்டில் யூபிஎஸ் இல்லாவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த டிஸ்க்குக்கும் ஆபத்துதான். உனக்குச் சின்னது போதும். ஆனால் அதற்குள் நடப்பதைத் தெரிந்துகொள். நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற வழவழப்பான தகடு. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தகட்டைத் தொடாமல் மிதக்கிற ஹெட். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டு தட்டினாலே அந்த இடைவெளி போய்விடலாம். ஆகவே டிஸ்க்கை மேஜை நடுவில் படுக்க வைத்து ஓட்டு. கேபிளைக் குழந்தைகள் கால் படாத பக்கம் விடு.

பெட்டிமேல் போட்டிராத ஒரு சங்கதி உண்டு. இப்போது வருகிற சின்ன டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுகிறவை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்குமே, அப்படி டிராக்குகள் அடுக்கப்பட்டிருக்கும். இடையில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்து இருப்பதையும் திருப்பி எழுத வேண்டும். பெரிய காப்பி போடும்போது திடீரென்று வேகம் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். படங்களை ஏற்றி வைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்கிற உனக்கு இது குறையே இல்லை. அதிலேயே வைத்து வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத்தான் தொல்லை.

இன்னொன்று, கேபிள் சொருகும் வாய். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சின்ன போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சீகேட்டின் பலவற்றில் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்கும் தனி யூஎஸ்பி அட்டையும் இருக்கும். பின்னதில் வாய் உடைந்தால் அட்டையை மாற்றிப் பார்க்கலாம்; முன்னதில் வேலை கடினம். எதை வாங்கினாலும் அந்த அகலமான பிளக்கை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதே, நேராக இழு.

எஸ்எஸ்டி வாங்கலாமா என்று கேட்பாய். சுழலும் பாகம் இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை மேலே நிற்கும். தவிர, கரண்டே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தால் அதிலிருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும், வெப்பத்தில் சீக்கிரமாகவே. தினமும் தூக்கிக்கொண்டு அலைய எஸ்எஸ்டி நல்லது. எழுதி எடுத்து வைக்க எனக்கு ஹார்ட் டிஸ்க்கின்மேல்தான் நம்பிக்கை.

நீ அனுப்பிய லிங்க்கைப் பார்த்தேன். 16 டிபி, விலை மூவாயிரத்துக்குள். அந்த விலைக்கு 16 டிபி எந்த ஊரிலும் கிடையாது. இத்தகைய பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்று ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். காப்பி போடும்போது எல்லாம் சரியாகப் போவதுபோல் காட்டும். நிறைந்ததும் பழையதன்மேலேயே எழுதும். ஃபைல் பெயர் இருக்கும், படம் திறக்காது. இப்படி ஒரு சாமானை நம்பி அம்மாவின் குரலை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில் போட்டுக் கொடுக்கிற கடையிலோ, கம்பெனியே அங்கீகரித்த விற்பனையாளரிடமோ வாங்கு. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா, எதுவரை என்று அங்கேயே பார். வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான். மாற்று டிஸ்க் தருவார்கள். அதிலிருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

வாங்கி வந்த அன்றே படங்களை ஏற்றிவிடாதே. சிபியூவின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் சொருகு. விண்டோஸில் 2 டிபி, 1.81 என்று காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணுகிற முறை வேறு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டுத் திற. 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் சைபராக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் காட்டும். புது டிஸ்க் நூற்றுக்கணக்கில் மணி காட்டினால் அது புதுசில்லை, திருப்பிக் கொடு. பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமைப் போட்டு முழு டிஸ்க்கையும் எழுதிப் படிக்க விடு. ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும். கெடுகிற டிஸ்க் கடையில் மாற்றித் தருகிற நாட்களுக்குள் கெட்டால் நமக்கு லாபம். இரண்டையும் இப்படிச் சோதி. ஒன்று சீகேட், ஒன்று வெஸ்டர்ன் டிஜிட்டல் என்று எடுத்தால், ஒரே தயாரிப்பில் இருக்கிற குறை இரண்டையும் சேர்த்துத் தாக்காது.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வை. 2017-இல் வானாகிரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் வந்தபோது, சொருகியே கிடந்த டிஸ்க்குகளில் இருந்த ஃபைல்களும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. இரண்டாவது டிஸ்க் உன் வீட்டிலேயே இருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் ஏறிய வீடுகளில் கம்ப்யூட்டரும் பக்கத்து அலமாரியிலிருந்த காப்பியும் ஒன்றாகத்தான் முங்கின. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக்காரர்கள் கடைப்பிடிக்கிற கணக்கு இதற்குத்தான். அம்மாவின் பாட்டைக் கிளவுடிலும் ஒரு பிரதி போடு. அதற்கு அதிக இடம் தேவைப்படாது.

என்றைக்காவது டிஸ்க்கிலிருந்து டிக்டிக் என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே கேபிளைப் பிடுங்கு. மறுபடி மறுபடி சொருகிப் பார்ப்பதில்தான் தகடு கீறிப் போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இன்னொரு டிஸ்க்தான் இருக்கிறதே, பதறாதே.

பில்லை வாங்கின அன்றே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, வெயிலில் எழுத்து அழிந்துவிடும். பொங்கலுக்கு வரும்போது இரண்டாவது டிஸ்க்கை, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, துணியில் சுற்றி எடுத்து வா. என் பீரோவில் வைக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒரு முறை சொருகிப் பார்த்து, புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிக்கொண்டு போ.

அன்புடன்,
அத்தை