இலவசப் படிப்புக்கும் காசு வேணும்: முதல் மூன்று மாசத்துக் கணக்கு



ஓ.எல். ரிசல்ட் வந்தால் என் ஆபீசுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். "ஐயா, பிள்ளையை டெக்னிக்கல் கொலிஜுல போடலாம்னு பாக்குறோம். பீஸ் எவ்வளவு?" இதுதான் முதல் கேள்வி. பல கோர்சுகளுக்குப் பீஸ் இல்லை என்றதும் முகம் மலர்ந்து போய்விடுவார்கள். ஆனால் அதோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது. ஏன் என்று ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லி விளக்குகிறேன்.

ஸ்கந்தபுரத்தில் நடந்தது

நம் சொந்தக்காரர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு என் பெரியப்பா குடும்பமும் லயத்தை விட்டுவிட்டு, கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்துக்குப் போனது. கொழுந்து பறித்த கை அங்கே வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்தது. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அக்காவின் மகன் ஓ.எல். முடித்துவிட்டு ஒரு பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிக்கச் சேர்ந்தான். கெட்டிக்காரப் பையன். படிப்பு இலவசம். ஆனால் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அக்காவின் கூலி, வேலை இருக்கிற நாளைக்குத்தான். முதல் மாசம் சமாளித்தார்கள். இரண்டாம் மாசம் கடன் வாங்கினார்கள். மூன்றாம் மாசம் அவன் நின்றுவிட்டு, கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

ஒரு நல்லது கெட்டதுக்குப் போனபோது அவனைக் கண்டேன். "சேரும்போது ஒண்ணும் பாரம் தரலியாடா?" என்று கேட்டேன்.

"ஒரு பாரம் தந்தாங்க மாமா. அம்மா கையெழுத்து வைக்க மாட்டேனுட்டாங்க. அது கடன் பாரம்னு நெனச்சுட்டாங்க."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. யுத்தத்துக்குப் பிறகு நுண்கடன் கம்பெனிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்ற கஷ்டத்தை அங்குள்ள பெண்கள் பட்டிருக்கிறார்கள். காகிதத்தைக் கண்டாலே பயம். ஆனால் அந்தக் காகிதம் கடன் பாரம் இல்லை. மாசாமாசம் பிள்ளைக்கு வரவேண்டிய பயிற்சிப் படியைக் கேட்கும் விண்ணப்பம்! திருப்பிக் கட்டவே தேவையில்லாத காசு.

எனக்கும் இது புதுசு இல்லை. 1998ல் என்னையும் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். "போடிங் காசுக்கு எங்க போறது?" என்றார் அப்பா. உதவி ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் போகவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

எங்கே படிக்கலாம்?

தொழில்நுட்பக் கல்லூரிகள்: 1893ல் மருதானையில் தொடங்கிய பழைய ஏற்பாடு. இன்று கண்டி, பதுளை, வவுனியா, யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் இருக்கின்றன.

தொழிற்பயிற்சி அதிகாரசபை: 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வி.ரி.ஏ. என்று சொல்வார்கள். சின்ன டவுன்களிலும் நிலையங்கள் உண்டு.

நைட்டா: வேலைத்தலத்திலேயே பழகுகிற பயிற்சி. கராஜ், ஹோட்டல், தொழிற்சாலை என்று அனுப்புவார்கள். பயிலுநருக்கு மாசப் படி உண்டு.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம்: ஜேர்மன் அரசாங்கத்தின் உதவியோடு 2016ல் திறக்கப்பட்டது. வடக்கில் சொந்தம் உள்ளவர்கள் இதையும் விசாரியுங்கள். விடுதியில் இடம் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

இவற்றில் கிடைக்கிற சான்றிதழ் என்.வி.கியூ. எனப்படும். அதில் ஏழு படிகள். நாலாம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஏ.எல். இல்லாத பிள்ளையும் படிப்படியாக ஏறி, இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். ஆகவே "கைவேலைப் படிப்புத்தானே" என்று குறைவாகப் பேச வேண்டாம்.

என்ன உதவி உண்டு?

1. பயிற்சிப் படி. குடும்ப வருமானத்தையும் பிள்ளையின் வரவையும் பார்த்துக் கொடுப்பார்கள். செக்ரோலில் பேர் விழுந்தால்தானே நமக்குக் காசு? அது போலத்தான் இதுவும். வகுப்புக்குப் போகாத நாளுக்குப் படியை எதிர்பார்க்க முடியாது. எல்லாக் கோர்சுக்கும் ஒரே தொகை இல்லை. எவ்வளவு, எப்போது வரும் என்று சேரும் அன்றே கேளுங்கள்.

2. பஸ் சீசன். இ.போ.ச. பஸ்சில் மாணவர் சீசன் சலுகை உண்டு. படிக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கிப் போய் டிப்போவில் கேட்க வேண்டும். தனியார் பஸ்சில் இது செல்லாது. ஆகவே பிள்ளை போகிற நேரத்துக்கு இ.போ.ச. பஸ் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

3. தோட்டப் பிள்ளைகளுக்கென்று உள்ள நிதி. இந்திய அரசாங்கம் 1940களில் ஏற்படுத்திய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இன்றும் இருக்கிறது. ஏ.எல். படிக்கிற, பல்கலைக்கழகம் போகிற தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களையும் பார்த்து வாருங்கள்.

4. மஹாபொல. 1981ல் தொடங்கியது. அரச பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்குரியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாசம் 5,000 ரூபா 7,500 ஆகவும், பர்சரி 4,000 ரூபா 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. டெக்னிக்கல் கொலிஜுக்குப் போகிற பிள்ளை இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஈ.பி.எப்.பில் முப்பது வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம் என்பது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். படிப்புக்கு அதில் இடமில்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது உதாரணத்துக்கு. உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் போடுங்கள்.

போக வர பஸ் ஒரு நாளைக்கு 240 ரூபா. மாசம் 20 நாள் என்றால் 4,800. கொப்பி, போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட் 1,200. ஆக மாசம் 6,000 ரூபா. பகல் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிப் போவதாக வைத்திருக்கிறேன். இதுவே மூன்று மாசத்துக்கு 18,000. சேரும்போது சப்பாத்து, ஓவரோல், போட்டோ என்று ஒரு 7,000. மொத்தம் 25,000 ரூபா.

ஏன் மூன்று மாசம் என்கிறேன்? படி முதல் நாளே கைக்கு வராது. விண்ணப்பம் போக வேண்டும், வருமானம் சரிபார்க்க வேண்டும், வரவு இடாப்பு முடிய வேண்டும், பிறகுதான் பேங்குக்கு வரும். மருமகன் விழுந்தது அந்த இடைவெளியில்தான். பாரம் நிரப்பியிருந்தாலும் அந்த முதல் மூன்று மாசத்தைத் தாண்டக் கைக்காசு இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காசை எப்படிச் சேர்ப்பது? பல கோர்சுகளுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஜனவரியில் சேர்வதானால் தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். சீட்டுப் பிடிக்கிறவர்கள் பிள்ளை சேரும் மாசத்துக்கு எடுக்கிற மாதிரிப் பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கம் சிறு கடன் கொடுத்தால், வட்டியைக் கேட்டு அளவாக எடுங்கள். வாசலுக்கு வந்து கடன் தருகிறவர் கடைசி வழியாகவும் வேண்டாம்.

இப்போதே எடுத்து வைக்க வேண்டிய பத்திரங்கள்

பிறப்புச் சாட்சிப் பத்திரம். பள்ளிக்கூடத்துப் பேரும் அதில் உள்ள பேரும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் பிள்ளைகள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடையாள அட்டை. பதினைந்து வயசு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளையின் சொந்தப் பேரில் ஒரு பேங்க் புத்தகம்.

அப்பா, அம்மாவின் சம்பளச் சிட்டை, கிராம சேவகர் தருகிற வருமானக் கடிதம். அஸ்வெசும கிடைக்கிற குடும்பம் என்றால் அதற்கான அத்தாட்சி.

எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

சேரும் அன்று கேட்க வேண்டியது

பாடம் தமிழில் நடக்குமா? என்.வி.கியூ. எத்தனையாம் படி? படி எவ்வளவு, எந்த மாசம் முதல்? விடுதி உண்டா? ஓவரோலும் ஆயுதங்களும் யார் செலவு? கையெழுத்துக் கேட்கிற ஒவ்வொரு பாரத்துக்கும், "இது திருப்பிக் கட்டுற காசா, கட்டத் தேவையில்லாத காசா?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். அவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள். விளங்காத பாரத்தை என்னிடம் கொண்டு வாருங்கள். பிரட்டுக் களத்தில் கண்டாலும் நிறுத்திக் கேளுங்கள்.

ஸ்கந்தபுரத்து அக்காவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். போன ஜனவரியில் அவளும் ஒரு கோர்சில் சேர்ந்தாள். இந்தத் தடவை நிலக்கடலை விற்ற காசில் 20,000 ரூபாயை அக்கா தனியே முடிந்து வைத்திருந்தார். பாரத்தை நிரப்பி, பேங்க் புத்தகப் பிரதியையும் வைத்து முதல் வாரமே கொடுத்துவிட்டார்கள். படி நாலாம் மாசம்தான் வந்தது. அதுவரை முடிச்சில் இருந்த காசு தாங்கியது.

"மாமா, அண்ணனுக்கும் இதே பாரம்தான் குடுத்திருக்காங்க" என்று போனில் சொன்னாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவனுக்கு இன்னும் வயசு போய்விடவில்லை. ஜூலையில் திரும்பச் சேரச் சொல்லியிருக்கிறேன். ஓவரோல் வாங்கித் தருவது என் பொறுப்பு.