கனத்த கூடு நல்ல கூடா?
(பட்டுப்புழு வளர்ப்போருக்கும் கிராம அலுவலர்களுக்கும் சிதறல் படம் பற்றிய ஒரு பாடம்)

ஆரணி என்றவுடன் பட்டுப்புடவையே எவருக்கும் நினைவில் எழும். அவ்வூர்த் தறியில் அமரும் நெசவாளர் இழை சீராயிருத்தலை வேண்டுவர். நூல் இழைப்போர் குறைந்த கூட்டில் மிகுந்த நூல் கிடைத்தலை வேண்டுவர். கூடு விளைவிக்கும் குடியானவரோ நிறை மிகுதியை வேண்டுவர். ஆகவே, “கனத்த கூடே நல்ல கூடு” என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அது மெய்தானா என்பதை ஒரு தராசும் ஒரு கட்டக் காகிதமும் கொண்டு கிராமப் பள்ளித் திண்ணையிலேயே ஆராயலாம்.

ஒரு கிலோ கச்சாப்பட்டு எடுக்க எத்தனை கிலோ கூடு செல்கிறது என்பதை வியாபாரிகள் ரெண்டிட்டா என்பர். இவ்வெண் குறையக் குறையக் கூடு உயர்ந்தது. கூட்டின் நிறையில் பெரும்பாகம் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவினுடையது. பட்டு கிடைப்பதோ ஓட்டிலிருந்து மாத்திரமே. 2 கிராம் நிறையுள்ள கூட்டில் ஓடு 0.4 கிராம் இருப்பின், ஓட்டு விகிதம் 100-க்கு 20 ஆகும்.

செய்முறை

ஒரே அறுவடையில் 20 கூடுகளைப் பொறுக்காமல் எடுத்துக்கொள்க. தங்கம் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறிக்கவும். பின்பு கூட்டை அறுத்து, புழுவையும் அது கழற்றிய தோலையும் நீக்கி, ஓட்டை மட்டும் நிறுக்கவும். காகிதத்தில் கிடைக்கோட்டின் மேல் கூட்டின் நிறையையும், நெடுங்கோட்டின் மேல் ஓட்டு விகிதத்தையும் அளவிட்டு, கூடு ஒன்றுக்கு ஒரு புள்ளி வைக்கவும். இதுவே சிதறல் படம். இரண்டு அளவுகள் ஒன்றையொன்று தழுவி ஏறியிறங்கும் தன்மைக்கு ஒட்டுறவு என்று பெயர்.

வினாவும் விடையும்

பாடம் நடத்துவோர் விடையைத் தாமே முந்திக் கூறலாகாது. வினாவை விடுத்துச் சற்றுப் பொறுத்திருப்பாராயின், கூடியிருப்போரே விடை காண்பர். உரையாடல் பின்வருமாறு செல்லக்கூடும்.

வினா: புள்ளிகள் எப்பக்கம் சாய்கின்றன?
விடை: வலப்புறம் செல்லச் செல்லக் கீழே இறங்குகின்றன, ஐயா.

வினா: அப்படியாயின் கனத்த கூட்டில் பட்டே குறைவா?
விடை: ஓட்டின் நிறை குறையவில்லை, விகிதந்தான் குறைகிறது.

வினா: கனத்த கூடுகளுக்குள் இருந்த புழுக்கள் எவை?
விடை: பெரும்பாலும் பெண்.

(பெண் கூட்டுப்புழுவின் வயிற்றில் எட்டாம் வளையத்தில் பெருக்கற்குறி போன்ற கோடு காணப்படும்; ஆணுக்கு ஒன்பதாம் வளையத்தில் ஒரு சிறு புள்ளி உண்டு.)

வினா: ஆண் கூட்டுக்கு நீலப்புள்ளியும் பெண் கூட்டுக்குச் சிவப்புப்புள்ளியும் வைத்துப் பாருங்கள். இப்பொழுது காண்பது யாது?
விடை: இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்துப் பார்த்தால் முன் கண்ட சரிவு குறைந்துவிடுகிறது.

பெண்புழு முட்டைகளைச் சுமப்பதால் கனக்கிறது, அக்கனம் பட்டன்று. ஆயின் வயிறார இலை உண்ட புழுக்களின் கூட்டையும், இலைப் பற்றாக்குறையால் மெலிந்த புழுக்களின் கூட்டையும் ஒரே படத்தில் இட்டால், புள்ளிகள் வலப்புறம் மேலேறும். ஏனெனில் நல்ல தீனி கூட்டின் நிறையையும் ஓட்டு விகிதத்தையும் ஒருங்கே உயர்த்துகிறது. பொருள் ஒன்றே, கலந்த விதம் வேறு, சாய்வும் வேறு. எந்தக் கூடுகள் கலந்துள்ளன என்று கேளாமல் படத்தை நம்புவது தகாது.

கடன் வாங்குமுன்

கிராம அலுவலர்கள் இதனை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். புழு வளர்ப்பு மனைக்கு அவரவர் செலவிட்ட பணத்தை ஒரு கோட்டிலும், நோயற்ற முட்டைத் தொகுதி 100-க்குக் கிடைத்த கூட்டின் நிறையை மற்றொரு கோட்டிலும் இட்டால், புள்ளிகள் மேலேறக் காணலாம். உடனே, “கட்டடமே காரணம், எல்லோரும் கடன் வாங்கிக் கட்டுக” என்று சொல்லிவிடலாகாது. பெரிய மனை கட்டியவருக்கு வற்றாத கிணறும் இருக்கிறதா என்று முதலில் வினவுக. தண்ணீர் உண்டாயின் முசுக்கட்டை செழிக்கும். இலை செழித்தால் கூடு பெருகும். அவ்வருவாயே மனையாகவும் எழுந்திருக்கலாம். நீரில்லாத சிறு குடியானவர் இதனை உணராமல் கடன்பட்டு மனை கட்டினால், மனை நிற்கும், புழு பசித்திருக்கும், வட்டி மாத்திரம் வளரும். மனை பயனற்றதென்று கூறவில்லை. வெப்பத்தை 24 முதல் 28 டிகிரிக்குள்ளும், காற்றின் ஈரத்தைத் தக்க அளவிலும் காப்பதற்கு அது மிகவும் உதவும். காரணங்களைப் பிரித்தறிந்த பின்பே செலவில் இறங்க வேண்டும் என்பதே கருத்து.

ஒட்டுறவை ஓர் எண்ணாகக் கூறும் முறையை கார்ல் பியர்சன் 1896-ஆம் ஆண்டில் வகுத்தார். அவ்வெண் –1 முதல் +1 வரை அமையும். எனினும், முற்றிலும் வேறுபட்ட நான்கு படங்களுக்கு ஏறக்குறைய ஒரே எண் வரக்கூடும் என்பதை பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ஆம் ஆண்டில் காட்டினார். ஆகையால் எண்ணை நாடுமுன் படத்தை வரைக. படத்தை நம்புமுன் வினாக்களைக் கேட்க.

அடுத்த அறுவடையில் 20 கூடுகளை ஒதுக்கிவைத்து இப்பாடத்தை நடத்திப் பார்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். இருபது கூட்டின் நஷ்டம் அற்பம். அதனால் வரும் தெளிவு பல அறுவடைக்கு உதவும்.