பால் டின்னில் வந்த தீவு

ஈப்போ

அன்புள்ள பேத்திக்கு,

நவுரு நாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள், 'சின்ன நாடு' என்பதைத் தாண்டி எதுவும் மனசில் ஏறவில்லை என்று குரல் பதிவில் சலித்துக்கொண்டாயே. "அதுக்கும் நமக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?" என்றும் கேட்டாய். சம்பந்தம் உண்டு. உன் கொள்ளுப்பாட்டியின் உள்ளங்கையில் அது ஒட்டிக்கிடந்தது.

நான் பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பாவுக்குப் பால்வெட்டு, அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த வருஷம், பள்ளி விடுமுறையில் நானும் அம்மா பின்னால் போவேன். கன்றுக்குக் குழி வெட்டியிருக்கும். அம்மா சாக்கிலிருந்து பழைய பால் டின்னால் பழுப்புத் தூளை அள்ளிக் குழி மண்ணில் கலப்பார். என்ன தூள் என்று தோட்ட அலுவலகக் கிராணியிடம் கேட்டேன். "கிறிஸ்மஸ் தீவுப் பாறைடா" என்றார். கிறிஸ்மஸ் என்றால் கேக் வாசம் வரும் என்று மோந்து பார்த்தேன். தும்மல்தான் வந்தது.

அந்தத் தூள் பாஸ்பேட். வேர் பிடிக்கப் பாஸ்பரஸ் வேண்டும். நம் ஊர் அடைமழையில் ஊறி ஊறி மண் சத்திழந்து புளித்துக்கிடக்கிறது. ஆனால் அந்தப் புளிப்பிலும் ஒரு வசதி: பாறையை அரைத்து அப்படியே போட்டாலும் மண்ணின் அமிலம் அதை மெல்லக் கரைத்து வேருக்குக் கொடுத்துவிடும்.

கிறிஸ்மஸ் தீவு ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். 1958 வரை சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. கடற்பறவைகளின் எச்சம் சுண்ணாம்புப் பாறையோடு காலங்காலமாக வினைபுரிந்ததில் விளைந்த பாஸ்பேட் அது. அதைத் தோண்ட ஆள் சேர்த்தபோது சீனரும் மலாய்க்காரரும் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

இனி உன் நவுருவுக்கு வருவோம். அங்கேயும் இதே பாஸ்பேட்தான். அது பசிபிக்கில், பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கே. பரப்பு வெறும் 21 சதுர கிலோமீட்டர். கடலடி எரிமலை ஒன்றின் தலையில் பவளம் வளர்ந்து, பிறகு நீருக்கு மேல் உயர்ந்து நின்ற தீவு. ஆறு கிடையாது. கரையோரம் குறுகலான ஒரு பட்டையில்தான் தென்னையும் வீடும். நடுவில் மேடு, அந்த மேட்டில்தான் பாஸ்பேட் இருந்தது.

அது வெளியே தெரிந்த கதை வேடிக்கையானது. நவுருவிலிருந்து யாரோ கொண்டுபோன ஒரு கல், சிட்னியில் ஒரு வணிக அலுவலகத்தில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். உயர்தரப் பாஸ்பேட்! 1907இல் கப்பல் கிளம்பிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து தோண்டி, தங்கள் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் கொண்டுபோயின.

பாஸ்பேட் பவளப் பாறைக் கூம்புகளின் இடுக்குகளில் நிரம்பியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் கூம்புகள் மட்டும் பல் பல்லாக எழுந்து நின்றன. நடக்கக்கூட முடியாத காடு. தீவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்று அப்படித்தான் கிடக்கிறது.

இந்தக் காட்சியை நான் படத்தில் பார்த்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. மலையிலிருந்து அடித்து வந்த ஈய மண் அதன் இடுக்குகளில் தங்கியிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து எடுத்தபின் பள்ளத்தில் வெள்ளைக் கூம்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு வித்தியாசம்: நம் பள்ளங்களில் தண்ணீர் நின்று குளமாயிற்று, மீனும் வாத்தும் வளர்கின்றன. நவுருவில் மழைநீர் பாறைத் துளைகளில் இறங்கிப்போய்விடுகிறது. ஈய விலை 1985இல் சரிந்ததும் நம் லம்பங்கள் ஒவ்வொன்றாய் மூடின.

நவுரு 1968இல் சுதந்திரம் பெற்றது. 1970இல் சுரங்கம் அவர்கள் கைக்கு வந்தது. சிறிது காலம் கொழுத்த பணம். தீர்ந்துபோகும் நாளுக்காக ஓர் அறக்கட்டளையில் சேர்த்தார்கள். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம்கூட எழுப்பினார்கள். தவறான முதலீடுகளிலும் கடனிலும் பணம் கரைந்தது. 2004இல் கட்டடமும் கைவிட்டுப் போனது. பாழான நிலத்துக்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1993இல் சமரசமாகி இழப்பீடு கிடைத்தது. கூம்புகள் அங்கேயேதான் நிற்கின்றன.

உன் கட்டுரையில் இதை மறந்துவிடாதே: நிலம் 21 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், நவுருவுக்கு உரிய கடல் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அங்கே சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம் இன்று அவர்களுக்கு முக்கிய வருமானம். பாஸ்பேட் எடுத்தால் தீர்ந்தது. மீன், அளவோடு பிடித்தால் திரும்ப வரும். தீவு நாட்டின் வளத்தை எழுதும்போது இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வை. ஒரு குறுக்குவெட்டுப் படமும் போடு: அடியில் எரிமலை, மேலே பவளம், இடுக்கில் பாஸ்பேட். ஆசிரியர் மகிழ்வார்.

ஞாயிற்றுக்கிழமை வா. தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய பழைய கப்பல் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். வரும் வழியில் எங்கள் தோட்டம் இருந்த இடத்தையும் காட்டுகிறேன். இப்போது முழுக்கச் செம்பனை. அம்மா குழிக்குக் குழி அந்தத் தூளைப் போட்டு வளர்த்த மரங்களில் ஒன்றுகூட இல்லை. பால் டின் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தாத்தா