கடல்மீன் தொட்டியின் வடிகட்டியில் எதை இடுவது?

தோட்டக்கால் நிலத்தில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின்னர் நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவதை அறிவீர்கள். உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீன் போன்ற வண்ண மீன்களை வளர்க்கும் கடலோர உழவர்களுக்கும் இத்தகைய நுண்ணுயிர்களே துணை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கடல்நீரின் கார அமில நிலை 8-க்கு மேல் இருப்பதால் அதன் நச்சுத்தன்மையும் கூடுகிறது. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டியே வாழ்பவை. வடிகட்டியில் இடும் பொருள்தான் அவற்றுக்கு நிலம்.

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. துண்டுகளாக்கினால் 60 சதுர செ.மீ. ஆகும். அப்படியானால் மணலே சிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அசையாமல் கிடக்கும் மணல் விரைவில் கசடால் அடைபடும். காற்று புகாத இடத்தில் இந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யமாட்டா. மொச்சைக்கொட்டை அளவுத் துண்டுகளே ஏற்றவை.

சிறு வளர்ப்போருக்கு நான் கூறுவது கிளிஞ்சல். கோழித் தீவனத்துக்கு விற்கும் பச்சைக் கிளிஞ்சலையே உடைத்து, தூள் போகச் சலித்து இடலாம். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது நீரில் புளிப்பு ஏறும்; அப்போது கிளிஞ்சல் சிறிது கரைந்து அதை ஓரளவு தணிக்கும். இதை நம்பி நீர் மாற்றாமல் இருந்துவிடக் கூடாது. நைட்ரேட் தொட்டியிலேயே தங்கும். காளவாயில் சுட்ட கிளிஞ்சலைத் தொடவே வேண்டாம். அது மீனைக் கொல்லும் சுண்ணாம்பு. பவளத் துண்டுகளையும் கடற்கரையில் பொறுக்காதீர்கள். பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவது.

பிளாஸ்டிக் வளையங்கள் எளிதில் அடைபடா, கழுவவும் எளிது. புளிப்பை மட்டும் தணிக்கமாட்டா. விலை மிகுதியென்றால் மின்கம்பி செல்லும் புதிய பி.வி.சி. குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி இடலாம். உரநீர் ஓடிய பழைய சொட்டுநீர்க் குழாய் வேண்டாம்.

கழுவுவதில் நானே ஒருமுறை தவறினேன். கசடு படிந்த கிளிஞ்சலைக் குளோரின் கலந்த குழாய்நீரில் பளிச்சென்று அலசிவிட்டேன். மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன, பாதி செத்தன. கசடோடு நுண்ணுயிர்களையும் அழித்துவிட்டேன். தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே, ஒரு முறைக்குக் கால் பங்கு மட்டும், இலேசாக அலசுங்கள்.

புதிய வடிகட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, நீரை இடைவிடாது ஓட்டுங்கள். நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கிளிஞ்சல் கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் சேருங்கள், நாள் குறையும். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சில நாள் தொடர்ந்து இல்லையென்று காட்டிய பிறகு, முதலில் இரண்டு மீன் மட்டும் விட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதித்து மற்றவற்றை விடுங்கள்.