கடாரத்து மண்ணில் ஒரு நாள்

தஞ்சோங் டாவாய்க்குச் செல்லும் நம் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் நெத்திலியும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவ்வூர் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு வந்த மரக்கலங்கள் இவ்வழியாகவே உள்ளே நுழைந்தன. பட்டினப்பாலை கூறும் 'காழகம்' கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழன், 'கடாரம் கொண்டான்' எனப் பெயர் பெற்றான்.

அக்காலத்தைக் கண்ணால் காண விரும்புவோர் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சிச்சாலைக்குச் செல்லவேண்டும். மலையடிவாரத்தில், ஓடையும் நிழல் மரங்களும் சூழ, குழந்தைகளுடன் ஒரு பகற்பொழுதைக் கழிக்க ஏற்ற இடம் அது.

முதலில் பார்க்கவேண்டியது புக்கிட் பத்து பஹாட் கோயில். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இதனை ஆராய்ந்தார். அலஸ்டர் லாம்ப் என்பவரின் மேற்பார்வையில் 1960-இல் கற்கள் மீண்டும் அடுக்கப்பெற்றன. கருவறைப் பகுதியும் அதன்முன் மண்டபமும் நம்மூர்க் கோயிலை நினைவூட்டும். மண்டபத்தில் தூண்களைத் தாங்கிய கல் பீடங்கள் உள்ளன, தூண்களோ இல்லை. அவை மரத்தாலானவை, கூரையோடு மக்கிப்போயின என்பர். அடித்தளத்தினுள் புதைக்கப்பட்டிருந்த கற்பேழைகளும் கிடைத்தன. வேறு இடங்களிலிருந்த சில கோயில்களும் பெயர்த்துக் கொணரப்பட்டு இவ்வளாகத்தில் அமைக்கப்பட்டுள்ளன. பௌத்தச் சின்னங்களும் இங்குக் கிடைத்திருப்பதால், இதனை இந்துக்களின் ஊர் என்று மட்டும் கூறுவது பொருந்தாது.

தோட்ட மக்களாகிய நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழஞ்சின்னங்கள் பல, ரப்பர்க் காடுகளிலும் வயல்வெளிகளிலும் கிடந்தவையே. சுங்கை பத்து தோட்டத்திலிருந்த பதினொன்றாம் எண் கோயில், 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது, ஆயினும், இடிந்தது இடிந்ததுதான். சுங்கை பத்துவின் வேறு பகுதிகளிலோ இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன.

பழைய செங்கல் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். அடுப்புக்கட்டக்கூட எடுத்துச் சென்றுவிடுவர். வெட்டுக்காட்டிலோ வடிகால் தோண்டுகையிலோ வரிசையாக அடுக்கிய செங்கல், செதுக்கிய கல், பழம் பானையோடு ஆகியவை தென்பட்டால் அவற்றைப் பெயர்க்காமல் விட்டு, மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் அதனையே கோருகிறது. கல் கிடந்த இடமும் ஆழமும் ஆய்வாளருக்குக் கல்லைப் போலவே தேவைப்படும் சான்றுகளாகும்.